துணைவினை

ஜூன் 4

அம்மாவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போன் செய்யாமல் கடிதம் போடுகிறாளே என்று பதறாதே. காய்ச்சல் இல்லை, சண்டை இல்லை. எனக்குப் பேச்சுத் தடை, அவ்வளவுதான். எங்கள் குழுவின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருக்கிறோம். பாடுகிற நேரம் தவிர வாயைத் திறக்கக் கூடாது என்று ஒலிப்பதிவாளர் உத்தரவு போட்டிருக்கிறார். கிசுகிசுப்பதும் ஆகாதாம், அது இன்னும் கெடுதலாம். கழுத்தில் ஒரு சிலேட்டை மாட்டிக்கொண்டு அலைகிறேன். தேநீர் வேண்டுமென்றால்கூட எழுதிக் காட்ட வேண்டும். இந்த உத்தரவை நம் வீட்டில் இருந்தபோது யாராவது போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும் என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது.

ஓர் உதவி வேண்டும். ஆல்பத்தோடு பாடல் வரிகளை ஒரு சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்கப் போகிறோம். நான் பாடுவது காதில் விழுந்தமட்டில் யாருக்கும் புரியாது, புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். தட்டச்சு செய்தது எங்கள் டிரம்ஸ்காரன். இரண்டு கையும் இரண்டு காலும் தனித்தனியாக நான்கு வேலை செய்கிறவன்தான், ஆனால் எந்த லகரம் எங்கே வரும் என்று அவனுடைய பத்து விரலில் ஒன்றுக்கும் தெரியாது. நானே திருத்தலாம். எழுதினவள் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்று நீதான் சொல்வாய். பாடப் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள் வீட்டிலேயே இருக்கும்போது வெளியில் தேடுவானேன் என்று தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்துப்பிழை மட்டும் பார். பொருளைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம்.

மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து ஒன்றரை வருடமாகப் போகிறது. போனில் நாம் பேசுவது 'சாப்பிட்டியா, சாப்பிட்டேன்' என்பதோடு சரி. இதையும் அப்படி ஒரு வேலையாகவே எடுத்துக்கொள். வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
மகள்

ஜூன் 9

அன்புள்ள சங்கு,

உன் கடிதத்தில் முதல் பிழை முதல் வரியிலேயே இருக்கிறது. 'அம்மாவுக்கு' என்பதற்கு முன்னால் 'அன்புள்ள' விடுபட்டிருக்கிறது. குறி போட்டுச் சேர்த்துக்கொண்டேன். கடைசியில் 'மகள்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். எனக்கு இன்னும் நாலைந்து மகள்கள் இருந்தால் குழப்பம் வரும் என்று போட்டாயோ என்னவோ. நீ பிறந்தவுடன் அழுத அழுகையைக் கேட்டு, ஆலையில் சங்கு ஊதிவிட்டது என்று நினைத்து நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். அன்றைக்கே வந்த பேர் உனக்கு. அதைப் போட்டால் கை வலிக்குமா?

அப்பா நன்றாக இருக்கிறார். ஓட்டுநர் பயிற்சிக்கு இப்போது நிறையப் பெண்கள் வருகிறார்கள். சொன்னதைக் கேட்கிற பெண்கள் என்று அழுத்திச் சொல்கிறார். யாருக்காகச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

தாள்களைப் பார்த்தேன். டிரம்ஸ்காரத் தம்பியை என்னிடம் ஒரு வாரம் அனுப்பிவை. 'என் வலியில் நிற்காதே' என்று இருக்கிறது. வலியா, வழியா? 'கொள்ளாதே' என்று இருக்கிறது. யாரையாவது கொல்லாதே என்றால் நல்ல விஷயம்தான், ஆனால் வேறு எழுத்துப் போட வேண்டும். அச்சகத்தில் எதிரில் உட்கார்ந்து எனக்கு மூலத்தை வாசித்துக் காட்டும் அம்மாளை உனக்குத் தெரியுமே, அவரிடம் முதல் தாளைக் கொடுத்தேன். 'என் எலும்பை எரி காற்புள்ளி என் பேரை எரி காற்புள்ளி சாம்பலில் எழுதுவேன் முற்றுப்புள்ளி' என்று ஐந்தாம் வகுப்பு அறிவியல் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பொண்ணு நல்லா இருக்காளா?" என்று கேட்டார்.

நான் இதைத் திருத்த முடியாது. மூலம் இல்லாமல் மெய்ப்புப் பார்ப்பது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. உன் கையெழுத்துப் படி எங்கே? ஒலிப்பதிவு அறையிலேயே யோசித்து யோசித்துப் பாடினோம், எழுதிவைக்கவில்லை என்பாயானால், மூலம் சத்தம்தான். சத்தத்தை அனுப்பு. ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்துகிறேன்.

எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை, கவனித்துக்கொள்.

அன்புடன்,
அம்மா

ஜூன் 15

அம்மாவுக்கு,

(அன்பை நீயே சேர்த்துக்கொள். எப்படியும் சேர்ப்பாய்.)

பென்டிரைவில் பத்துப் பாட்டும் இருக்கின்றன. இன்னும் மெருகு ஏற்றவில்லை. சத்தத்தை முதலில் குறைத்து வைத்துக் கேள். எங்கள் இசைக்கு மெட்டல்கோர் என்று பேர். கிதார் இரும்பு மாதிரி கனமாக இருக்கும், டிரம்ஸ் ஓடும், ஒருவர் உறுமுவார், ஒருவர் இனிமையாகப் பாடுவார். இனிமை எங்கள் கிதார்காரன். உறுமல் நான். நடுவில் ஓர் இடத்தில் எல்லாம் சட்டென்று பாதி வேகத்துக்கு இறங்கி, ஒவ்வொரு அடியும் தரையில் விழுகிற மாதிரி விழும். அதற்குப் பிரேக்டவுன் என்று பேர்.

தொண்டை கிழிந்துவிடும் என்று பயப்படாதே. குரல்நாணுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. விழுங்கும்போது மூடிக்கொள்வதோடு மற்றவர்களுக்கு அதன் வேலை முடிந்துவிடும். வயிற்றிலிருந்து மூச்சை அளந்து அனுப்பி அதை அதிர வைக்க வேண்டும். வருடக்கணக்கில் என் அறையைச் சாத்திக்கொண்டு தலையணையில் முகத்தைப் புதைத்து நான் செய்துகொண்டிருந்தது இதைத்தான். உன் காலடி கதவு வரைக்கும் வரும், நிற்கும், திரும்பிப் போய்விடும். நான் அழுகிறேன் என்று நினைத்திருப்பாய்.

பதிவு நடக்கும் இடம் ஒரு காலத்தில் குளிர்பதனக் கிடங்காக இருந்தது. சுவர் அவ்வளவு தடிமன். கதவைச் சாத்தினால் என் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. முதலில் டிரம்ஸ், பிறகு கிதார்கள், கடைசியாகத்தான் குரல். நேற்றைக்கு எல்லாவற்றையும் சேர்த்து முடித்து, முதல் பாட்டை ஒலிப்பதிவாளர் போட்டுக் காட்டினார். பேஸ் கிதார்காரனையும் சேர்த்து நாங்கள் நான்கு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா, எங்களிடமிருந்து வந்தது என்று எங்களுக்கே நம்ப முடியவில்லை. ஒரு மலை எழுந்து நின்ற மாதிரி இருந்தது. பாட்டு முடிந்தது. டிரம்ஸ்காரன் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சிலேட்டை எடுத்தேன், என்ன எழுதுவதென்று தெரியாமல் வெறும் சிலேட்டையே காட்டினேன்.

எட்டாவது பாட்டுக்கு 'விடு' என்று பேர். அதை மட்டும் நீ கேட்காமலே திருத்தினால் நல்லது.

இப்படிக்கு,
மகள்

ஜூன் 24

அன்புள்ள சங்கு,

கேட்க வேண்டாம் என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன உன் அப்பாவா? பத்தையும் கேட்டேன்.

அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்தோம். இயர்போனில் ஒரு காது எனக்கு, ஒரு காது எதிரில் இருக்கும் அம்மாளுக்கு. முதல் பாட்டு ஆரம்பித்ததும் அவர் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, இயந்திரம் உடைந்துவிட்டது என்று கீழே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நானும் பயந்தேன், மறைக்க மாட்டேன். இது என் மகள் உடம்பிலிருந்து வருகிறது என்பதை மனம் ஒப்பவேயில்லை. நிறுத்திவிடலாம் என்று கையைக்கூடக் கொண்டுபோனேன். அப்போது, ஓர் உறுமலுக்குக் கொஞ்சம் முன்னால், நீ மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. அந்த மூச்சு எனக்குத் தெரியும். காய்ச்சலில் என் தோளில் கிடந்து நீ விட்ட மூச்சு. அதற்கு அப்புறம் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. புலி வாயைத் திறந்தாலும் அது நான் பெற்ற புலி.

பிறகு கேட்கக் கேட்க எனக்கு வியப்பு தாளவில்லை. அந்த டிரம்ஸ்காரத் தம்பியின் கால் இத்தனை வேகத்தில் ஓடியும் ஓர் எழுத்துப்பிழை இல்லை. விரலைத்தான் நான் திட்டினேன், காலைக் கும்பிடலாம். கிதார்காரன் பாடும்போது நீ அடங்கி வழிவிடுகிறாய், திரும்ப நீ வரும்போது அவன் குரல் உன் குரலுக்கு அடியில் நிற்கிறது. இத்தனை இரைச்சலுக்குள் இவ்வளவு மரியாதை இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? வாழ்நாள் முழுக்க எழுத்தைப் பார்த்தவள் நான். ஓர் எழுத்துக்கு இவ்வளவு பெரிய உடம்பு உண்டு என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அப்பாவிடம் பிரேக்டவுனைப் பற்றிச் சொன்னேன். "ரோட்டுல பிரேக்டவுன் ஆனா நாலு பேர் சேர்ந்து தள்ளணும். பாட்டுல ஆனா யாரு தள்ளுறது?" என்று கேட்டார். சிரித்துவிட்டுப் போனார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பென்டிரைவைக் காணோம். பயிற்சி வண்டியில் போட்டிருக்கிறார். மூன்றாவது பாட்டின் பிரேக்டவுன் வந்ததும் ஓட்டப் பழகிய பெண் நடுரோட்டில் அழுத்தினாளாம் ஒரு பிரேக். "சரியான இடத்துலதான் அழுத்துறா" என்று அவளுக்குப் பாராட்டு வேறு.

திருத்திய தாள்கள் இத்துடன். ஒரே ஒரு பெரிய பிழை, எட்டாவது பாட்டில். தாள் முழுக்க 'விடு, விடு' என்று அடித்திருக்கிறான். காதில் விழுவது 'வீடு'. எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் வீடுதான். அந்த முதல் எழுத்தை நீ பிடித்து நிற்கிற நேரத்துக்கு மாத்திரைக் கணக்குப் போட்டால் நெடிலுக்கும் மேலே போகிறது. மெய்ப்பும் மூலமும் முரண்பட்டால் மூலம்தான் வெல்லும், அது எங்கள் தொழில் சட்டம். அதனால் எல்லா இடத்திலும் 'வீடு' என்று மாற்றிவிட்டேன். கடைசி வரியில் 'வந்து விடு' என்று இருந்தது. 'வந்து வீடு' என்றால் இலக்கணம் இடிக்கிறது. தம்பி ஒரு தகரத்தை விழுங்கியிருப்பான் என்று 'வந்தது வீடு' என்று திருத்தினேன்.

பொருளைப் பற்றிப் பேசக் கூடாது என்று சொன்னாய். ஒரு வரி மட்டும் பேசுகிறேன். வீடு, வீடு என்று நீ இப்படிக் கூப்பிடுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. எதிரில் ஆள் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

அன்புடன்,
அம்மா

ஜூன் 28

அம்மாவுக்கு,

எட்டாவது பாட்டில் நீ செய்த திருத்தம் எல்லாவற்றையும் அழித்துவிடு. அது வீடு இல்லை. விடு. குறில். டிரம்ஸ்காரன் அந்த ஒரு தாளைத்தான் பிழையில்லாமல் அடித்தான்.

அது உன் சொல். உனக்கு நினைவில்லை போலிருக்கிறது. நான் கிளம்பிய அன்று அப்பா என் பையின் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். விடவே மாட்டேன் என்றார். ஒரு பக்கம் அவர் இழுக்கிறார், ஒரு பக்கம் நான் இழுக்கிறேன். நான் உன்னைப் பார்த்தேன். நீ கதவருகில் நின்றுகொண்டு ஒரே ஒரு சொல் சொன்னாய். "விடுங்க." செத்த எலியைத் தூக்கிப் போடச் சொல்கிற மாதிரி. அவர் விட்டார். நான் கேட்டை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். ஒன்றரை வருடமாக அந்தச் சொல் என் வயிற்றில் இருக்கிறது. அதைத்தான் அந்தக் கிடங்கில் நின்று கக்கினேன். நீ அதைக் கேட்டு வீடு என்று அழுதாயா?

தாளை முன்பு இருந்தபடியே திருப்பி அனுப்பு. அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மகள்

ஜூலை 2

அன்புள்ள சங்கு,

தாள் இத்துடன் இருக்கிறது. நான் திருத்திய இடங்களுக்கெல்லாம் அடியில் புள்ளி வைத்து, ஓரத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதியிருக்கிறேன். திருத்தியது தவறு, பழையபடியே இருக்கட்டும் என்று அச்சுக்கோப்பவருக்குச் சொல்லும் குறி அது. பாட்டு உன்னுடையது. உன் வயிற்றில் இருந்தது எதுவோ அதுதான் அச்சாக வேண்டும்.

ஆனால் மூலத்தைப் பற்றி எனக்கும் ஒரு வார்த்தை உண்டு. நீ வைத்திருக்கிற மூலத்தில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது.

அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்பாவிடம் நீ வழக்காடிக்கொண்டிருந்தாய், என்னிடம் அனுமதி கேட்டாய். வாயால் கேட்கவில்லை, கேட்டது எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் பட்டை அறுந்திருக்கும். அதனால்தான் சொன்னேன். சொன்னது இது: "விடுங்க. போயிட்டு வரட்டும்." நீ முதல் சொல்லோடு கேட்டை அறைந்துவிட்டாய். இரண்டாவது வாக்கியம் அந்தச் சத்தத்தில் போய்விட்டது. என் வார்த்தையை நம்ப வேண்டாம், அப்பாவைக் கேள். அதற்குத்தான் இன்று வரைக்கும் என்னிடம் சண்டை பிடிக்கிறார். "வரட்டும்னு சொன்னியே, எங்க வந்தா?" என்று.

உன்னைக் கைகழுவச் சொல்லியிருந்தால் 'போகட்டும்' என்று சொல்லியிருப்பேன். போயிட்டு வரட்டும் என்றேன். வித்தியாசம் உனக்குத் தெரியும்.

அறைக்கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போவேன் என்று எழுதியிருந்தாய். நீ அழுகிறாய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நீ அழுதால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே ஏதோ பெரிதாக வளர்கிறது, கதவைத் திறந்தால் கலைந்துவிடும் என்று திரும்பிப் போனேன். அது இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. இன்னும் தினமும் ஒரு பாட்டாவது கேட்கிறேன். எட்டாவதையும் கேட்கிறேன். விடு என்று தெரிந்த பிறகும் கேட்க முடிகிறது, அதுதான் எனக்கே ஆச்சரியம்.

கடைசியாகத் தொழில் விஷயம். முடிவு வரியில் 'வந்து விடு' என்று நடுவில் இடைவெளி விட்டு அடித்திருக்கிறது. தனியாக நிற்கும்போது 'விடு' முழு வினை. வா, வந்து என்னை விட்டுவிடு என்று பொருள். முன்னால் இருக்கும் சொல்லோடு சேர்ந்துவிட்டால் அது துணைவினை. தன் பொருளை விட்டுக்கொடுத்து, பக்கத்தில் இருக்கும் சொல்லுக்குத் துணை நிற்கும். கட்டாயம் வா என்று ஆகிவிடும். உன் குரலில் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்று பத்துத் தடவை கேட்டேன், பிடிபடவில்லை. போன தடவை மாதிரி நானே முடிவு செய்து மூக்கை உடைத்துக்கொள்ளத் தயாரில்லை. இரண்டு சொல்லுக்கும் மேலே ஒரு கேள்விக்குறி போட்டு, 'ஆசிரியர் முடிவுக்கு' என்று எழுதியிருக்கிறேன். எப்படி இருந்தாலும் சரி.

அன்புடன்,
அம்மா

ஜூலை 10

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது நாங்கள் எல்லோரும் கிடங்கில் இருந்தோம். படித்துவிட்டு நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். என்ன என்று கேட்டார்கள். சிலேட்டில் எழுதுகிற அளவுக்கு அது சின்ன விஷயமாக இல்லை. கடிதத்தையே டிரம்ஸ்காரனிடம் கொடுத்தேன். அவன் சத்தமாக வாசித்தான். ழகரம் வரும் இடத்திலெல்லாம் தடுக்கி விழுந்தான், ஆனால் 'போயிட்டு வரட்டும்' வந்ததும் நிறுத்திவிட்டான். மீதியைக் கிதார்காரன் வாசித்தான்.

அப்பாவுக்கு அன்றைக்கே போனில் ஒரு வரி அனுப்பிக் கேட்டேன். அவரிடமிருந்து பதில் வந்தது: 'ஆமா. வரட்டும்னுதான் சொன்னா. எங்க வந்த?' நீங்கள் இரண்டு பேரும் சொல்லிவைத்துக்கொண்டு எழுதவில்லை என்று நம்புகிறேன்.

பிறகு ஒலிப்பதிவாளர் எட்டாவது பாட்டைப் போட்டார். என் குரலை மட்டும் தனியாக, கிதார் இல்லாமல், டிரம்ஸ் இல்லாமல். அம்மா, நான் பல்லைக் கடித்துக்கொண்டு 'விடு'வைத் தேடினேன். எனக்கு வீடுதான் கேட்டது. ஒவ்வொரு தடவையும் வீடுதான். கோபத்தில் உச்சரித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எழுத்தை என் மூச்சு தன்பாட்டுக்கு இழுத்து நீட்டியிருக்கிறது. அது எனக்கே தெரியாது, அந்த அறையில் இருந்த யாருக்கும் தெரியவில்லை. அத்தனை இரும்புக்கு அடியில் கிடந்ததை, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு காதை மட்டும் வைத்துக்கொண்டு நீ கேட்டிருக்கிறாய். வேண்டுமென்றால் குறிலாகவே இன்னொரு தடவை பதிவு செய்யலாம் என்று ஒலிப்பதிவாளர் சொன்னார். நான் சிலேட்டில் எழுதினேன்: இருக்கட்டும். அடியில் புள்ளியும் வைத்தேன்.

புத்தகத்தில் 'விடு' என்றுதான் வரும். பாட்டில் என்ன கேட்கிறதோ அதை அவரவர் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆல்பத்துக்கு இதுவரை பேர் வைக்கவில்லை, அதற்காகவே இரண்டு சண்டை நடந்திருக்கிறது. உன் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கிதார்காரன், "துணைவினை" என்று மெதுவாகச் சொன்னான். டிரம்ஸ்காரன், "யாரையோ வெட்டப் போற மாதிரி இருக்கு, அர்த்தம் என்னன்னா கூட நிக்கிறது. இதை விட்டா வேற பேரு கிடைக்காது" என்றான். முதல் தடவையாக நான்கு பேரும் ஒத்துக்கொண்டோம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 'மெய்ப்பு: அம்மா' என்று போட்டிருக்கிறது. எதிரில் உட்காரும் அம்மாளுக்கும் நன்றி போட்டிருக்கிறோம். பொண்ணு நல்லா இருக்கா என்று அவரிடம் சொல்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை முதல் கச்சேரி. அப்பாவை அனுப்பிவை. பிரேக்டவுன் வந்தால் யார் தள்ளுவார்கள் என்று கேட்டாரே, ஒருவரையொருவர் தள்ளிக் குதிக்கும் கூட்டத்துக்கு நடுவில் நின்றால் அவருக்கே தெரியும்.

நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். கடைசி வரியில் இரண்டு சொல்லுக்கும் மேலே, சேர்த்து அடி என்று சொல்ல நீங்கள் போடும் அந்தச் சின்ன வளைவைப் போட்டு இடைவெளியை எடுத்துவிட்டேன். ஆசிரியர் முடிவு அதுதான், அப்படியே அச்சுக்குப் போய்விட்டது.

கச்சேரி முடிந்த மறுநாள் பேச்சுத் தடையும் முடிகிறது. அன்று காலை முதல் வண்டியில் வந்துவிடுகிறேன். சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். மூலம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சங்கு